இடமும் நேரமும்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? குளியலறையில் விழுந்து ஒடித்துக்கொண்ட மணிக்கட்டு இன்னும் வலிக்கிறதா? உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ரயில் அதிசயமாக நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

முதலில் ஒரு புகார். இந்தக் காலத்தில் எவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான்? "போன் வச்சிருந்தா தலைவலிடா" என்றாய். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷின்களைப் பழுது பார்க்கிறவனிடம் சொல்கிற காரணமா இது? சரி, உன் இஷ்டம்.

நீ கேட்டபடி உன் முகவரியை யாருக்கும் சொல்லவில்லை. மச்சான் கேட்டார். "வெளியூர்ல ஏதோ வேலை, அவ்வளவுதான் தெரியும்" என்றேன். முகம் தொங்கிப் போனது. பார்க்கப் பாவமாக இருந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்காக ஊரைவிட்டு ஊர் போய்ச் சலவை ஆலையில் துணி மடிப்பதெல்லாம் கொஞ்சம் அதிகம் அக்கா. எனக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தவர் அவர். கொஞ்சம் யோசி.

இப்போது நல்ல செய்தி. தெருவில் நடப்பவர்களைப் படம் எடுக்கும் எங்கள் வட்டத்தின் கண்காட்சிக்கு என் படம் ஒன்று தேர்வாகியிருக்கிறது. வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். சொல்லிவிட்டு எடுத்த படம் கூடாது. கேமராவைப் பார்த்த நொடியே மனுஷன் முகத்தைப் பூட்டிவிடுவான். பூட்டுவதற்கு முன் எடுத்தால்தான் படம். ஏமாற்று வேலை நடக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு படத்தின் கீழும் ஓர் அட்டை வைப்போம்: எந்த ஊர், எந்தத் தெரு, என்ன நேரம். சந்தேகப்படுகிறவன் போய் நின்று, வெளிச்சம் அப்படி விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் படம் என்று இப்போது சொல்ல மாட்டேன். கண்காட்சி திறந்ததும் ஒரு பிரிண்ட் உனக்கு வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி


ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள், போன தடவை வந்தபோது சட்டைக்குள் ஆளே இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. கை பரவாயில்லை, ஈர விரிப்பைத் தூக்கும்போது மட்டும் கொஞ்சம் சொல்லிக் காட்டும்.

இங்கே வேலை அதிகம்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரித் துணி என்பதால் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிற அங்கி, தலைக்கு உறை, வாய்க்கு மூடி. உள்ளே யார் யார் என்றே தெரியாது. எங்கள் மேற்பார்வைக்காரியை இடி என்று கூப்பிடுகிறோம். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். நேற்று என்னைப் பார்த்து, "ஏம்மா, கதவு திறக்கிறப்பெல்லாம் திரும்பிப் பார்க்கிறியே, யாராவது ராஜகுமாரன் வரானா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

தம்பி, நீ போன வருஷம் காட்டிய ஒரு படம் ஞாபகம் வருகிறது. சிக்னலில் நின்றபடி ஒருவர் கண்ணை மூடிக் காது குடைந்துகொண்டிருந்தாரே, அது. அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் முகம் அது. அந்த நம்பிக்கை எல்லோருக்கும் எளிதில் கிடைத்துவிடாது.

என்னவோ எழுதுகிறேன். தேர்வானதற்கு மிகவும் சந்தோஷம். உன் போனிலிருந்து இங்கே மட்டும் கூப்பிட்டுவிடாதே. கடிதம் போதும்.

ஆசிகளுடன்,
அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்கா,

நலம்தானே? நான் நலம், தூக்கம்தான் இல்லை, சந்தோஷத்தில். மச்சானைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை நீ. கவனித்தேன்.

உறைக்குள் இருக்கும் பிரிண்டைப் பார். ஆமாம், நீதான்!

அன்று உன்னைப் பார்க்க வந்தேனே, ஆலை வாசலுக்கு எதிரே கொஞ்சம் முன்னதாகவே வந்து நின்றுவிட்டேன். ஷிப்ட் முடிந்து நீங்கள் ஏழெட்டுப் பேர் வெளியே வந்தீர்கள். வாய்மூடியைக் கழற்றிக்கொண்டே யாரோ ஏதோ சொல்ல, நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். கைதட்டிச் சிரித்தாய் அக்கா. அப்படி நீ சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. கூப்பிட்டிருந்தால் போயிருக்கும். எடுத்த பிறகுதான் கூப்பிட்டேன்.

சுவரில் என் இரண்டு கைகளையும் விரித்த அகலத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். நடுவராக வந்தவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு இன்னைக்குத்தான் விடுதலை கிடைச்ச மாதிரி இருக்கு" என்றார். யார் என்று நான் சொல்லவில்லை. கீழே அட்டையில் வழக்கம்போல ஊர், ஆலைத் தெரு, மாலை ஐந்தே முக்கால்.

பார்த்துவிட்டு எழுது. திட்டாதே.

உன் பிடிவாதக்காரத் தம்பி


ஜூலை 28

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடு. அட்டையையும். முதலில் அட்டையை. காரணம் கேட்காதே. படம் நன்றாக இருக்கிறது, உன்மேல் கோபம் இல்லை. எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி போடு.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலம். உன் கடிதம் அதிகாரி போட்ட உத்தரவு மாதிரி இருந்தது. காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டால் எனக்குக் கை ஓடாது, உனக்கே தெரியும். ஒரு படத்தை நடுவில் எடுத்தால் கண்காட்சியிலேயே ஓட்டை விழும். இன்னும் பத்து நாள்தான் பொறுத்துக்கொள். அழகாக விழுந்திருக்கிறாய். யார் பார்த்தால் என்ன?

பார்த்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்று மச்சான் வந்தார்! எல்லாப் படத்தையும் தாண்டி நேராக உன் படத்தின் முன் போய் நின்றார். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன், அதே இடத்தில் நிற்கிறார்.

"மாப்ளே, இது உங்க அக்காதானே?"

"பின்னே? இப்படிச் சிரிச்சுப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லப்பா. என்கிட்ட ஒரு நாளும் இப்படிச் சிரிச்சதில்ல."

குனிந்து அட்டையைப் படித்தார். "இது எதுக்குடா?"

"நம்பகத்துக்கு மச்சான். அதே நேரத்துக்கு அங்க போய் நின்னா அதே வெளிச்சம் விழும்."

"அதே ஆளுங்களும் வருவாங்களா?"

"ஷிப்ட் முடியிற நேரம். வராம எங்க போவாங்க?"

சிரித்தார். என் தோளில் தட்டினார். "உனக்கு அன்னைக்குக் கேமரா வாங்கிக் கொடுத்தது வீண் போகலடா இன்ஜினியர்" என்றார். உன் படத்தையும் அட்டையையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

நான் உன் முகவரியைச் சொல்லவில்லை என்பதைக் கவனி. வாக்கு வாக்குதான். ஆனால் அவராகவே ஒரு நாள் அங்கே வந்து நின்றால் நல்லதுதானே? முகத்தைப் பார்த்துப் பேசினால் தீராத சண்டை உண்டா? ஆற அமர யோசித்துப் பதில் போடு.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுதப் போவதைப் படித்துவிட்டு உன்னையே நொந்துகொள்வாய். வேண்டாம். சொல்லாமல் விட்டது நான்.

நான் குளியலறையில் விழவில்லை.

இந்த ஒரு வரியை எழுத எத்தனை தாள் கிழித்தேன் என்று கேட்காதே. கை ஒடிந்த அன்று உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். நீ மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். மச்சான் என் தோளைப் பிடித்தபடி நின்றார். "தரை வழுக்கிடுச்சுப்பா" என்று அவர் சொன்னார். நீ தலையாட்டினாய். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அவரை நீ அண்ணன் மாதிரி வைத்திருந்தாய்.

அடிகூடப் பழகிவிட்டது. பழகாதது அந்தப் பார்வை. என் போன் எங்கே போகிறது என்று காட்டும் வசதியை நீதான் அவருக்குப் போட்டுக் கொடுத்தாய். "உங்க அக்கா வண்டி ஓட்டுறா, பயமா இருக்கு மாப்ளே" என்று கேட்டார் என்றாய். அதற்குப் பிறகு, நான் எந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று வீட்டுக்கு வந்ததும் அவர் எனக்குச் சொல்வார். கத்தியெல்லாம் பேச மாட்டார். உன் போன் இணைப்பும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

காவல் நிலையத்துக்கு ஒரு தடவை போனேன். அவரையும் கூப்பிட்டார்கள். வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அவர் பேசி முடித்தபோது அந்த அதிகாரி எனக்குத்தான் புத்தி சொன்னார்.

நான் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் சொன்னார்: "எங்க வேணா போ. ஒரே ஒரு தடவை கண்டுபிடிச்சாப் போதும் எனக்கு. ரெண்டாவது தடவைக்கு வேலையே இருக்காது." சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீ எடுத்தது இங்கே வந்த பிறகு நான் கதவைப் பார்க்க மறந்த முதல் நாள் என்று நினைக்கிறேன். அன்று இடி தன் மாமியாரைப் போல நடந்து காட்டினாள்.

அவர் எந்த நாள் வருவார் என்று தெரியவில்லை. நேரம் மட்டும் தெரியும். ஐந்தரை ஆனால் விரிப்பு நேராக மடிய மாட்டேன் என்கிறது. இடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறிடம் பார்க்கிறாள்.

நீ வராதே. நீ வந்தால் உன் பின்னாலேயே வருவார். ஆலைக்குப் போன் செய்தும் பயனில்லை. எந்த ஆண் கேட்டாலும் அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூசுகிறது. இருக்கிறாயா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நான் வேலை விஷயமாக வெளியே போயிருந்தேன், அறை வாசலில் கிடந்தது. படித்தவுடன் கண்காட்சிக்கு ஓடினேன். படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். செயலாளர், "தம்பி, இன்னைக்குச் சாயங்காலம் முடியப் போகுது, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். அவரிடம் என்ன சொல்வது? அட்டையைக் கிழித்து வாயில் போட்டு மென்றேன். சிரிக்காதே. அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மச்சான் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரர், "ஊருக்குப் போயிருக்காருப்பா, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன்னு சொன்னாரு. முகத்துல என்ன ஒரு சந்தோஷம்!" என்றார். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி அலுவலகப் போனிலிருந்து ஆலைக்கு அடித்தேன். "அப்படி யாரும் இங்க இல்ல" என்று ஓர் அம்மாள் கத்திவிட்டு வைத்துவிட்டாள். அது நீ சொல்லி வைத்த பதிலா, இல்லை உண்மையிலேயே நீ இல்லையா? மறுபடி அடித்தேன். அதே பதில். மூன்றாவது தடவை, "நான் தம்பி, நான் தம்பி" என்று கத்தினேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றானுங்க" என்றாள்.

எக்ஸ்ரே அறையில் உன் மணிக்கட்டின் பழைய படம் இருந்தது, தேடி எடுத்துப் பார்த்தேன். அன்று மெஷின் சரியாக ஓடுகிறதா என்பதை மட்டும்தான் பார்த்தேன். இன்று டாக்டரிடம் காட்டினேன். ஒரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை. "இது விழுந்தது இல்லையேப்பா, முறுக்கியிருக்காங்க" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை எழுது. எழுத முடியாவிட்டால் வெற்றுத் தாளை மடித்து அனுப்பு.

தம்பி


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டுமாம், உன் அக்கா சொன்னாள். கேட்டாகிவிட்டது. போனில் உன்னிடம் கத்தியதும் நான்தான். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

அந்த ஆள் போன வியாழக்கிழமை வந்தான். எதிர்ப் பக்கம் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பூங்கொத்து, இன்னொரு கையில் போன். மேல்மாடி ஜன்னலில் இருந்து உன் அக்கா பார்த்தாள். "அவர்தான்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்வாசல் எங்களுக்குக் கிடையாது. அது அடைத்து வருஷமாகிறது. உள்ளேயே இருக்கலாம் என்றால், அடுத்த ஷிப்ட் வந்ததும் உள்ளே வந்து கேட்பான். அவன் பேசினால் எங்கள் முதலாளி கையோடு அழைத்துப் போய்க் காட்டுவார்.

அதனால் நான் சொன்னேன், இன்று யாரும் உறையும் மூடியும் கழற்றக் கூடாது. அங்கியோடு போவோம். எல்லோரும் ஒன்றாக. அவளை நடுவில் விடாதீர்கள், நடுவில் இருப்பவளைத்தான் எவனும் பார்ப்பான். ஓரத்தில் நடக்கட்டும்.

வெளியே வந்தோம். அவன் தெருவைத் தாண்டி வந்துவிட்டான். போனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஒவ்வொருத்தி கண்ணையும் பார்த்தான். போனில் அவன் வைத்திருந்தது நீ எடுத்த படம். அவள் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் போனாள். பூ வாசனை அடித்தது என்றாள் பிறகு. 

அவன் அந்தச் சிரிப்பைத் தேடினான் தம்பி. அன்றைக்கு எங்களில் எவளும் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம், என் வீட்டுக்காரம்மாவைத் தேடுறேன்" என்று என்னிடமே கேட்டான். "போன வாரமே வேலையை விட்டுட்டா, எங்க போனான்னு தெரியல" என்றேன். தேன் மாதிரிப் பேசினான். என் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாளே அவளை வேறிடத்துக்கு அனுப்பியாயிற்று. எங்கே என்று கேட்காதே. உன்னிடம் சொல்ல மாட்டேன். உனக்கு எதையும் விளக்கமாகச் சொல்கிற வியாதி இருக்கிறது.

இடி


ஆகஸ்ட் 22

அன்பு மாப்ளேவுக்கு,

நலம். உன் நலத்தை நேரிலேயே பார்த்துக்கொண்டிருப்பதால் கேட்க வேண்டிய அவசியமில்லை.

உன் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வெளிச்சம் நீ சொன்னபடியே விழுந்தது. உன் கணக்கு எப்போதும் சரி. 

எனக்கும் உன் பொழுதுபோக்கு தொற்றிக்கொண்டது. உன் அறைக்கு எதிரே இருக்கும் டீக்கடை வசதியான இடம். இரண்டு மூன்று நாளாக அங்கேதான். நீ வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கால் ஷூவை மாட்டிக்கொண்டே ஓடுவது எனக்குத் தெரியாது. தூங்கும்போது விளக்கை அணைப்பதில்லை போலிருக்கிறது. பயமா?

இத்துடன் ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். முதல் முயற்சி, குறை இருந்தால் சொல். தபால் பெட்டியில் உறையைப் போடுகிறாய். முகம் அவ்வளவு இயல்பாக இருக்கிறது. நீ சொல்வது உண்மைதான், தெரியாமல் எடுத்தால்தான் மனுஷன் மனுஷனாகத் தெரிகிறான்.

நீ போடும் உறையில் உள்ள முகவரி மட்டும் சரியாக விழவில்லை. நல்ல லென்ஸ் எது என்று சொல்லேன்.

அடுத்த தடவை அவளைப் பார்க்கப் போகும்போது சேர்ந்தே போவோம்.

பிரியமுள்ள,
மச்சான்


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆலைப் பக்கம் போகும் வண்டி ஓட்டுநர் கையில் கொடுத்திருக்கிறேன். அவர் இடியிடம் கொடுப்பார், இடி மனது வைத்தால் உன்னிடம் வரும்.

மச்சானின் கடிதத்தையும் அவர் எடுத்த படத்தையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அதிகாரி படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே எடுத்திருக்காரு? பொது இடத்துல படம் எடுக்கிறது குத்தமா தம்பி? நீங்களே அதைத்தான பண்றீங்களாம்?" என்றார். எக்ஸ்ரேவையும் டாக்டரின் குறிப்பையும் வைத்தேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்க வந்து சொல்லணும்" என்றார். நீ வர முடியாது. பிரதிகளை ஒரு வக்கீல் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது இடி வழியாக அவரைத் தேடு. என்னைத் தேடாதே.

ஒரு யோசனை வந்தது, சொல்லிவிடுகிறேன். வேறு ஏதோ ஊரில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்ணைப் படம் எடுத்து, பொய்யாக ஓர் அட்டை எழுதி மாட்டினால் மச்சான் அங்கே போவார். இரண்டு நாள் இது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது. பிறகு, அந்த நேரத்தில் அந்தத் தெருவில் உண்மையிலேயே ஒருத்தி நடந்து வருவாளே என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

இப்போது வேறு ஒன்று செய்கிறேன். தினமும் மாலை அதே தபால் பெட்டிக்குப் போகிறேன். ஓர் உறையைப் போடுகிறேன். அதில் என் முகவரியைத்தான் எழுதியிருப்பேன், உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டு நாளில் என்னிடமே திரும்பி வருகிறது. மறுபடி போடுகிறேன். டீக்கடையில் அவர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கழுத்துக்குப் பின்னால் தெரிகிறது. உனக்குத் தெரிந்திருக்கும் அது எப்படி இருக்கும் என்று. சில நாள் அந்த உறை கைதவறிக் கீழே விழுகிறது, குனிந்து எடுத்துப் போடுகிறேன். அதையும் அவர் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

ஊரை மாற்றிக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். மாட்டேன். அவர் இங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் உன் தெருவில் நிற்காத நாள். கடை காலியாக இருக்கும் நாளில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

இதற்கு மேல் எழுத மாட்டேன். எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பதில் எழுதுவாய்.

தம்பி